பழைய இங்கிலாந்து பர்த் சர்ட்டிஃபிகேட்ல வர்ற ஷார்ட் ஃபார்ம்களை எப்படிப் படிக்கறது?

கேள்வி இதுதான்: மனைவியோட தாத்தா 1917ல இங்கிலாந்துல பொறந்தவர், அவரோட பர்த் சர்ட்டிஃபிகேட் இப்ப கைல கிடைச்சிருக்கு, ஆனா அதுல பாதி புரியல. பொறந்த இடத்துல அட்ரஸுக்குப் பின்னாடி ஆர்.டி.னு இருக்கு. அப்பாவோட தொழில்ல ஒரு நம்பர், அப்புறம் ஆர்.ஜி.ஏ., அப்புறம் அடைப்புக்குறிக்குள்ள கார்மேன். அம்மா பேர்ல லேட்னு ஒரு வார்த்தை வருது, அப்ப குழந்தை பொறக்கும்போதே அம்மா இறந்துட்டாங்களா? கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல எக்ஸ். ஓரத்துல 1, 2ன்னு குட்டி நம்பர். அடியில பி.எக்ஸ்.னு ஆரம்பிக்கற ஒரு கோட். இதெல்லாம் என்னன்னு ஒண்ணொண்ணா சொல்ல முடியுமா?

சொல்லலாம். ஆனா லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்றதுல பிரயோஜனம் கம்மி, ஏன்னா ஒரே ரெண்டெழுத்து ஒரு கட்டத்துல ஒரு அர்த்தம், பக்கத்து கட்டத்துல வேற அர்த்தம். ஒவ்வொரு எழுத்தையும் பாக்கும்போது இதை எழுதினது யாரு, எப்ப எழுதினாங்க, எந்தக் கட்டத்துல எழுதினாங்கன்னு மூணும் கேட்டுட்டீங்கன்னா முக்கால்வாசி தானா அவிழ்ந்துடும்.

முதல்ல அந்தப் பேப்பர் என்னன்னு பாருங்க. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் அரசாங்கப் பதிவு 1837 ஜூலை 1ல ஆரம்பிச்சுது (ஸ்காட்லாந்து 1855, அயர்லாந்துல பிறப்புப் பதிவு 1864, அதுக்கெல்லாம் ஃபார்மே வேற, இங்க சொல்றதை அங்க அப்படியே போட்டுப் பாக்காதீங்க). அப்ப நடந்த முறை என்னன்னா, ஊர் ரிஜிஸ்ட்ரார் தன்னோட ரிஜிஸ்டர்ல எழுதுவார், தகவல் சொல்ல வந்தவங்க அதுலதான் கையெழுத்துப் போடுவாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கங்களை எல்லாம் கையால காப்பி எழுதி சூப்பரிண்டெண்டென்ட் ரிஜிஸ்ட்ரார் வழியா லண்டன்ல இருந்த ஜெனரல் ரிஜிஸ்டர் ஆஃபீஸுக்கு அனுப்புவாங்க. அதுக்கப்புறம் 1950லயோ 60லயோ குடும்பத்துல யாரோ காசு கட்டி சர்ட்டிஃபிகேட் வாங்கியிருந்தா, அங்க இருந்த கிளார்க் அந்தக் காப்பியைப் பாத்து இன்னொரு காப்பி எழுதியிருப்பார், இல்ல டைப் அடிச்சிருப்பார். அதாவது உங்க கைல இருக்கறது காப்பிக்குக் காப்பியா இருக்கலாம். அதனாலதான் பக்கம் பூரா ஒரே கையெழுத்தா இருக்கு. அதைப் பாத்துட்டு எங்க பாட்டி எழுத்து எவ்ளோ அழகுன்னு ஃபிரேம் போட்டு மாட்டினவங்களை எனக்குத் தெரியும், பாவம், அது ஏதோ ஒரு கிளார்க்கோட எழுத்து.

இது புரிஞ்சா அடியில இருக்கற பி.எக்ஸ். கோட் விஷயம் உடனே முடிஞ்சுது. எழுத்தும் அதுக்குப் பின்னாடி நம்பரும் வர்றது அந்தப் பேப்பரோட சீரியல் நம்பர், அவ்ளோதான். உங்க தாத்தாவோட பதிவு நம்பர் அது இல்ல, அதே பதிவுக்கு நாளைக்கு இன்னொரு காப்பி வாங்கினா வேற நம்பர் வரும். ஆன்லைன் குடும்ப மரத்துல இதைப் போய் ரெஃபரன்ஸ் நம்பர்னு போட்டு வைக்கிறாங்க, யாருக்கும் உதவாது. அப்ளிகேஷன் நம்பரும் அதே கதைதான். உங்களுக்கு வேண்டியது இடது பக்க ஆரம்பத்துல இருக்கற என்ட்ரி நம்பர், மேல தலைப்புல எழுதியிருக்கற ரிஜிஸ்ட்ரேஷன் டிஸ்ட்ரிக்ட், சப் டிஸ்ட்ரிக்ட், வருஷம். இது நாலையும் குறிச்சு வச்சுக்கோங்க.

இப்ப முதல் கட்டம், பொறந்த தேதியும் இடமும். அட்ரஸுக்குப் பின்னாடி வர்ற ஆர்.டி.ங்கறது ரூரல் டிஸ்ட்ரிக்ட். நம்ம மாதிரி ஆராய்ச்சி பண்றவங்க நோட்ஸ்ல ஆர்.டி.ன்னா ரிஜிஸ்ட்ரேஷன் டிஸ்ட்ரிக்ட்னு எழுதிப் பழகிட்டோம், அதனால இதையும் அப்படியே படிச்சுட்டு ஊரையே மாத்திப் பிடிச்சுடறாங்க. ரூரல் டிஸ்ட்ரிக்ட்ங்கறது உள்ளாட்சி எல்லை, பதிவு எல்லை வேற, ரெண்டும் ஒண்ணாப் பொருந்தணும்னு அவசியமே இல்ல. இதே இடத்துல யூ.டி.ன்னு இருந்தா அர்பன் டிஸ்ட்ரிக்ட், சி.பி.ன்னா கவுன்ட்டி பரோ, எம்.பி.ன்னா முனிசிபல் பரோ (பார்லிமென்ட் மெம்பர் இல்ல!). ரூரல், அர்பன் டிஸ்ட்ரிக்ட் ரெண்டும் 1894 சட்டத்துல வந்து 1974ல போனது, அதனால 1860ல பொறந்தவரோட பதிவுல ஆர்.டி.ன்னு யாராவது ரூரல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு அர்த்தம் சொன்னா நம்பாதீங்க.

இதே கட்டத்துல தேதியோட பொறந்த நேரமும் எழுதியிருக்கான்னு பாருங்க. மணி நிமிஷத்துக்கு எச், எம்னு போட்டு ஏ.எம்., பி.எம்.னு இருக்கும். ஸ்காட்லாந்து சர்ட்டிஃபிகேட்ல எல்லாருக்கும் நேரம் இருக்கும். இங்கிலாந்துல நேரம் இருந்தா பெரும்பாலும் இரட்டைக் குழந்தைன்னு அர்த்தம், உடனே இண்டெக்ஸ்ல (பதிவானவங்களோட பேர்ப் பட்டியல்ல) அதே பக்கத்துல அதே குடும்பப் பேர்ல இன்னொண்ணு இருக்கான்னு தேடுங்க. ஆரம்ப காலத்துல சில ரிஜிஸ்ட்ரார்கள் எல்லாருக்குமே நேரம் போட்டிருக்காங்க, அதனால இது சந்தேகம் கிளப்பற க்ளூ மட்டும்தான், அதையே ஆதாரமா எடுத்துக்காதீங்க. இரட்டையில இன்னொரு குழந்தை செத்துப் பொறந்திருந்தா பிறப்புப் பதிவே இருக்காது, அதுவும் ஞாபகம் இருக்கட்டும், இங்கிலாந்துல அந்த மாதிரிப் பொறப்பைப் பதியறது 1927லதான் ஆரம்பிச்சுது.

இன்னொரு விஷயம், உங்க கேஸுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா தேடறவங்க மாட்டிக்கற இடம். ஒர்க் ஹவுஸ்னு சொல்ற ஏழைகள் விடுதியில பொறந்த குழந்தைகளுக்கு முன்னாடி யூனியன் ஒர்க் ஹவுஸ்னே பட்டவர்த்தனமா எழுதினாங்க. அது குழந்தையோட வாழ்நாள் பூரா அவமானமா கூட வரும்னு 1904லேர்ந்து வெறும் தெருப் பேரும் கதவு நம்பரும் போதும்னு மாத்தினாங்க. அதனால 1904க்கு அப்புறம் ஏதோ ஒரு சாதாரண அட்ரஸ்ல பொறந்து, அப்பா அம்மா அட்ரஸ் வேற எங்கயோ இருந்தா, அந்தக் கதவு நம்பரை அந்த ஊர் ஒர்க் ஹவுஸ் அட்ரஸோட ஒப்பிட்டுப் பாத்துடுங்க.

அடுத்து அம்மா பேர் இருக்கற கட்டம். நீங்க ரொம்ப பயந்தது இதுக்குத்தான், பயப்பட வேணாம், அந்த அம்மா உயிரோடதான் இருந்தாங்க. இந்தக் கட்டத்துல லேட்ங்கறது இறந்துபோனதைச் சொல்றதே இல்ல. உதாரணத்துக்கு மேரி ஸ்மித், லேட் ஜோன்ஸ், ஃபார்மர்லி ப்ரவுன்னு இருந்தா: பொறந்த வீட்டுக் குடும்பப் பேர் ப்ரவுன், முதல் கல்யாணத்துல ஜோன்ஸ் ஆனாங்க, இப்போதைய கணவர் ஸ்மித். வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கமா படிச்சா வாழ்க்கை வரிசை கிடைச்சுடும். அதாவது உங்க மனைவியோட தாத்தாவுக்கு அவரோட அம்மாவோட முதல் கல்யாணத்துல அண்ணனோ அக்காவோ இருந்திருக்கலாம், யாரும் வீட்ல சொல்லாம விட்டிருப்பாங்க. 1917 பொறப்புன்னா நடுவுல யுத்தம் வேற, முதல் கணவர் யுத்தத்துல போனவரான்னு பாக்கணும், ஆனா அப்படித்தான்னு முன்னாடியே முடிவு கட்டிடாதீங்க, காசநோய்லயும் விபத்துலயும் போனவங்க அப்ப எக்கச்சக்கம்.

இதைத் தேடறது சுலபம். கல்யாண இண்டெக்ஸ்ல 1912 மார்ச் குவாட்டர்லேர்ந்து (அதாவது மார்ச்ல முடியற மூணு மாசத்துலேர்ந்து) துணையோட குடும்பப் பேரும் இருக்கு, அதனால ஸ்மித், ஜோன்ஸ்னு ரெண்டு பேரும் சேந்து வர்ற பதிவைத் தேடினா ரெண்டாவது கல்யாணம் கிடைக்கும். அந்தப் பதிவுல அவங்க ஜோன்ஸ்ங்கற பேர்லதான் இருப்பாங்க, சில சமயம் ப்ரவுன்னும் சேத்து ரெண்டு இடத்துலயும் இருக்கும். கல்யாண சர்ட்டிஃபிகேட்ல விதவைன்னு போட்டிருக்கும், அவங்க அப்பா பேர் இருக்கும், அங்கேர்ந்து முதல் கல்யாணத்துக்குப் போயிடலாம்.

அதே கட்டத்துல அதர்வைஸ்னு வந்தா ரெண்டு பேர்ல புழங்கினாங்கன்னு அர்த்தம். கல்யாணம் ஆகாமலே ஒருத்தரோட பேரை வச்சுக்கிட்டு வாழ்ந்தவங்க பதிவுல இதை நிறைய பாக்கலாம். ஃபார்மர்லியே இல்லாம அம்மா பேருக்குப் பக்கத்துல அவங்க தொழில் (டொமெஸ்டிக் சர்வன்ட், மில் வேலைக்காரி இந்த மாதிரி) எழுதி, அப்பா கட்டத்துல வெறும் கோடு போட்டிருந்தா கல்யாணம் ஆகாத அம்மா. அந்தக் கோடுக்கு அப்பா யார்னு தெரியலைன்னு அர்த்தம் இல்ல, பதியலைன்னுதான் அர்த்தம். 1874ல வந்த சட்டம் 1875லேர்ந்து அமலானதும் அப்பாவும் கூட வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பேரைப் போட முடியும்னு ஆயிடுச்சு, அம்மா தனியா வந்து பேரைச் சொன்னா ரிஜிஸ்ட்ரார் எழுத மாட்டார். அதனால இப்படிப்பட்ட பதிவுல அப்பா பேரும் இருந்து தகவல் சொன்னவங்க கட்டத்துல ரெண்டு கையெழுத்தும் இருந்தா அது சாதாரண விஷயம் இல்ல, அந்த ஆள் நேர்ல வந்து ஒத்துக்கிட்டிருக்கார்.

அப்பா தொழில் கட்டம்தான் உங்க சர்ட்டிஃபிகேட்லயே புதையல். ஆர்.ஜி.ஏ.ங்கறது ராயல் கேரிசன் ஆர்ட்டிலரி, பெரிய பீரங்கிகளை வச்சிருந்த படை. முன்னாடி இருக்கற நம்பர் அவரோட ராணுவ நம்பர். அடைப்புக்குறிக்குள்ள இருக்கற கார்மேன் யுத்தத்துக்கு முன்னாடி அவர் பாத்த வேலை, மோட்டார் கார்னு நினைச்சுடாதீங்க, அந்தக் காலத்துல சரக்கு ஏத்தற குதிரை வண்டியை ஓட்டறவருக்கு அந்தப் பேர். யுத்த கால சர்ட்டிஃபிகேட்ல இப்படி ராணுவ வேலையையும் சொந்த வேலையையும் சேத்து எழுதறது வழக்கம். இதே மாதிரி ஆர்.எஃப்.ஏ. ராயல் ஃபீல்ட் ஆர்ட்டிலரி, ஆர்.ஈ. ராயல் இன்ஜினியர்ஸ், ஏ.எஸ்.சி. ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், ஆர்.ஏ.எம்.சி. ராணுவ மருத்துவப் படை, எம்.ஜி.சி. மெஷின் கன் கார்ப்ஸ். கடற்படைல ஆர்.என்., கப்பல் பேருக்கு முன்னாடி எச்.எம்.எஸ்., ஏ.பி.ன்னா ஏபிள் சீமேன், காலேஜ் டிகிரி கிடையாது.

இந்த ஷார்ட் ஃபார்ம்களுக்கு ஒரு பெரிய உபயோகம், வருஷத்தைச் சரிபாக்கலாம். ஆர்.ஜி.ஏ. தனிப் படையா இருந்தது 1899லேர்ந்து 1924 வரைக்கும்தான். எம்.ஜி.சி. 1915ல வந்து 1922ல கலைஞ்சது. விமானப்படை 1918 ஏப்ரல் 1 வரைக்கும் ஆர்.எஃப்.சி. (ராயல் ஃப்ளையிங் கார்ப்ஸ்), அன்னிக்குத்தான் ஆர்.ஏ.எஃப். (ராயல் ஏர் ஃபோர்ஸ்) ஆச்சு, அதனால 1916 பதிவுல ஆர்.ஏ.எஃப்.னு தெரிஞ்சா நீங்க எஃப்.ஏ.வைத் திருப்பிப் படிச்சிருக்கீங்க, பீரங்கிப் படை ஆர்.எஃப்.ஏ.வா இருக்கும். ரயில்வேலயும் இதே விளையாட்டு: எல்.என்.டபிள்யூ.ஆர்.னு இருந்தா லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே, அது 1923ல எல்.எம்.எஸ்.ங்கற பெரிய ரயில்வே கம்பெனில கலந்துடுச்சு. 1910 பதிவுல எல்.எம்.எஸ்.னு தெரிஞ்சா கண்ணாடியை மாத்திட்டு மறுபடி பாருங்க.

ராணுவ நம்பர் கிடைச்சதே பெரிய விஷயம், ஏன்னா முதல் உலக யுத்தத்துச் சிப்பாய்களோட சர்வீஸ் ஃபைல்கள்ல பாதிக்கு மேல 1940 செப்டம்பர்ல லண்டன்ல குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு. மிஞ்சினது லண்டன்ல க்யூங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல டபிள்யூ.ஓ. 363ங்கற வரிசைல இருக்கு. அதுல இல்லைன்னாலும் டபிள்யூ.ஓ. 372 மெடல் கார்டுகள்ல கிடைக்க நல்ல சான்ஸ் இருக்கு. ஒரே பேர்ல ஏகப்பட்ட பேர் இருக்கற அந்தக் கார்டுகள்ல நம்ம ஆளைப் பிரிச்சு எடுக்க நம்பர்தான் வழி. ஒண்ணு மட்டும், டெரிட்டோரியல் படைல (பகுதி நேரத் தன்னார்வப் படைல) இருந்தவங்களுக்கு 1917 ஆரம்பத்துல புது நம்பர் கொடுத்தாங்க, அதனால நம்பர் பொருந்தலைன்னா ஆள் வேறன்னு உடனே தள்ளிடாதீங்க.

தகவல் சொன்னவங்க கட்டத்துக்கு வாங்க. எக்ஸ், அதைச் சுத்தி தி மார்க் ஆஃப்னு எழுதி பேர் இருந்தா, சொன்னவங்க பேனாவைப் பிடிச்சு ஒரு குறி மட்டும் போட்டாங்கன்னு அர்த்தம். படிக்கத் தெரியாதவங்கதான்னு எல்லாரும் எழுதிடறாங்க, ஆனா பிரசவம் முடிஞ்ச உடம்புல முடியாம போட்டிருக்கலாம், கைல காயம் இருந்திருக்கலாம், அதிகாரி முன்னாடி எழுதக் கூச்சப்பட்டும் போட்டிருக்கலாம். அதே ஆள் கல்யாணப் பதிவுல கையெழுத்துப் போட்டிருக்காரான்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. அந்த எக்ஸ் கூட உங்க பேப்பர்ல இருக்கறது காப்பி எழுதினவரோடதுதான், நிஜக் குறி ஊர் ஆஃபீஸ் ரிஜிஸ்டர்ல இருக்கு.

எப்ப பதிஞ்சாங்கங்கற தேதியையும் பொறந்த தேதியையும் கழிச்சுப் பாருங்க. 42 நாளைக்குள்ள பதியணும். மூணு மாசம் தாண்டினா சூப்பரிண்டெண்டென்ட் ரிஜிஸ்ட்ராரும் கூட இருந்து கையெழுத்துப் போடணும், ஒரு வருஷம் தாண்டினா ரிஜிஸ்ட்ரார் ஜெனரலோட அனுமதி வேணும், அதை அந்தக் கட்டத்துலயே எழுதியிருப்பாங்க. இழுத்தடிச்சவங்க பொறந்த தேதியையே கொஞ்சம் தள்ளிச் சொல்லி சமாளிச்சதும் உண்டு. சரியா 41, 42 நாள் வந்து, ஞானஸ்நானப் பதிவுல வேற தேதி இருந்தா, நான் பெரும்பாலும் சர்ச் தேதியைத்தான் நம்புவேன்.

ஓரத்துல இருக்கற குட்டி நம்பர்: எழுதும்போது தப்பு வந்தா ரிஜிஸ்ட்ரார் அழிக்கக் கூடாது, அடிச்சுட்டுப் பக்கத்துல ஒரு நம்பர் போட்டு ஓரத்துல குறிக்கணும். அந்த நம்பர்கள்தான் அது, வயசோ எத்தனாவது குழந்தைங்கறதோ இல்ல. பதிஞ்சு ரொம்ப நாள் கழிச்சுத் திருத்தினா அது நீளமா இருக்கும், இன்ன கட்டத்துல இன்னதுக்குப் பதிலா இன்னது படிக்கணும்னு, திருத்தின தேதியோட. அந்தத் தேதியை விட்டுடாதீங்க, பென்ஷனுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ யாரோ சர்ட்டிஃபிகேட் எடுக்கப் போய்த்தான் தப்பே தெரிஞ்சிருக்கும். கடைசிக் கட்டம் பதிவுக்கு அப்புறம் வச்ச பேருக்கு, பெரும்பாலும் காலியா இருக்கும். அடாப்டட்னு குறிச்சிருந்தா தத்துப் போன குழந்தை, இங்கிலாந்துல சட்டப்படி தத்து 1927லதான் ஆரம்பிச்சதால அதுக்கு முன்னாடி பொறந்து அப்புறம் தத்துப் போனவங்க பதிவுலயும் இது வரலாம். 1926 சட்டத்துக்கு அப்புறம், பின்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்ட அப்பா அம்மா குழந்தையை மறுபதிவு பண்ணலாம், பழைய இண்டெக்ஸ்ல அந்தப் பேருக்குப் பக்கத்துல சீ எம் 48ங்கற மாதிரி கையால எழுதியிருந்தா 1948 மார்ச் குவாட்டர்ல போய்ப் பாருன்னு அர்த்தம்.

இண்டெக்ஸ்னு சொன்னதால அதையும் சொல்லிடறேன். எம், ஜே, எஸ், டி நாலும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர்ல முடியற குவாட்டர். ஜே ஜனவரி இல்ல. அதுவும் பதிஞ்ச குவாட்டர், பொறந்த குவாட்டர் இல்ல, அதனால டிசம்பர் கடைசில பொறந்தவர் அடுத்த வருஷ எம்ல கிடைப்பார். கூட வர்ற 6டி, 9பி மாதிரி நம்பர் வால்யூம், 1852லேர்ந்து 1946 வரைக்கும் அது பிராந்தியத்தைக் காட்டும்: 6டின்னா பர்மிங்ஹாம் பக்கம், 9பின்னா லீட்ஸ் பக்கம், 11ஏன்னா கார்டிஃப் பக்கம். டிஸ்ட்ரிக்ட் பேர் கிழிஞ்சு போயிருந்தாலும் இதை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம்.

ஆள் பேர்ல வர்ற சுருக்கம் உங்க பேப்பர்ல இல்ல, ஆனா அடுத்த தலைமுறைக்குப் பின்னாடி போனதும் வரும். டபிள்யூ.எம். வில்லியம், டி.எச்.ஓ.எஸ். தாமஸ், சி.எச்.ஏ.எஸ். சார்லஸ், எச்.ஒய். ஹென்றி, கடைசி எழுத்தை மேல தூக்கிச் சின்னதா எழுதியிருப்பாங்க. ரெண்டுல உஷாரா இருங்க: ஜே.ஏ.எஸ். ஜேம்ஸ், ஜேசன் இல்ல. ஜே.என்.ஓ. ஜான், ஜானதன் இல்ல. எக்ஸ்ல ஆரம்பிக்கற பேர் கிறிஸ்டோஃபர். இன்னும் பின்னாடி சர்ச் ரிஜிஸ்டருக்குப் போனா 7பெர், 8பெர்னு மாசம் வரும், அது ஜூலை ஆகஸ்ட் இல்ல, செப்டம்பர் அக்டோபர், லத்தீன்ல ஏழு எட்டுக்கான பேர்லேர்ந்து வந்த மாசங்கள். டி.ஓ.ன்னா மேற்படி. ரெண்டு எஸ் சேந்து வர்ற இடத்துல முதல் எஸ்ஸை நீட்டி எழுதறதால எஃப் மாதிரியோ பி மாதிரியோ தெரியும், ராஸ்ங்கற குடும்பப் பேரை வேற ஏதோவாப் படிச்சு மரம் பூரா தப்பாப் போட்டவங்க நிறைய.

உங்க கேஸ்ல நான் இருந்தா இந்த வரிசைல போவேன். முதல்ல ஜெனரல் ரிஜிஸ்டர் ஆஃபீஸ் ஆன்லைன் இண்டெக்ஸ்ல தாத்தாவோட என்ட்ரியைத் தேடி, டிஜிட்டல் இமேஜா கிடைச்சா அதை எடுப்பேன், லண்டனுக்கு அனுப்பின காப்பிப் பக்கமே அதுல தெரியும், பின்னாடி சர்ட்டிஃபிகேட் எழுதின கிளார்க் கை அதுல படல, அந்த கிளார்க் ராணுவ நம்பர்ல 1ஐ 7ஆ மாத்தி எழுதியிருந்தா அங்கேயே பிடிபடும். சந்தேகம் தீரலைன்னா அந்த ஊர் ரிஜிஸ்டர் ஆஃபீஸுக்கு எழுதி, ஒரிஜினல் ரிஜிஸ்டர் பக்கத்தோட நகலாவே கொடுப்பீங்களான்னு கேப்பேன், சில ஆஃபீஸ் கொடுக்கும், சிலது டைப் பண்ணித்தான் கொடுக்கும், ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும். அதுக்கப்புறம் அம்மாவோட ரெண்டு கல்யாணம், அப்புறம் மெடல் கார்டு. 1947லேர்ந்து வந்த ஷார்ட் சர்ட்டிஃபிகேட்டை மட்டும் தப்பித் தவறி ஆர்டர் பண்ணிடாதீங்க, அதுல அப்பா அம்மா பேரே இருக்காது. படிக்க முடியாத வார்த்தை இன்னும் ஏதாவது இருந்தா அந்த வார்த்தையை மட்டும் வெட்டி அனுப்பாம, அதே ரிஜிஸ்ட்ரார் எழுதின ரெண்டு மூணு வரியையும் சேத்துப் போடுங்க, அவர் கே எப்படி எழுதுவார், ஆர் எப்படி எழுதுவார்னு பாத்தாத்தான் சொல்ல முடியும்.